காணாமல் போன இடுப்பு வலி

அத்தியாயம் 1

"சீனியக் காணோம்" என்றாள் வந்தவள், உட்காருவதற்கு முன்பே.

"புந்தோங் பூரா இதே கதைதான்கா," என்றான் சன்னாசி அனுதாபத்துடன். "நேத்து நாலு கடை ஏறி இறங்கிட்டேன். ஆளுக்கு ரெண்டு கிலோவுக்கு மேல குடுக்க மாட்டேங்கறான். நான் பேசாம வெல்லம் போட்டுக் குடிக்கறேன்."

"என் வீட்டுக்காரரு பேரு சீனி."

மேசைக்கு அடியில் பிரமிளாவின் சப்பாத்து சன்னாசியின் கால் விரலைத் தேடிப்பிடித்து மிதித்தது. சன்னாசி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான். கீழே பூக்கடை என்பதால் ஜன்னலைத் திறந்தால் மல்லிகை வாசம் வரும். துக்கத்தோடு வருகிறவர்களுக்கு அது நல்லது என்பது அவன் கட்சி.

'பிரமிளா துப்பறியும் நிலையம்' என்ற பலகைக்குப் பின்னால் இருந்தது இவ்வளவுதான்: இந்த மாடி அறை, இரண்டு நாற்காலி, ஒரு காற்றாடி, பிரமிளா, சன்னாசி. பிரமிளா பன்னிரண்டு வருஷம் ஒரு பேங்கின் கிரெடிட் கார்டு பகுதியில் வேலை பார்த்தவள். கட்டாதவர்களுக்குப் போன் போட்டு 'எப்போது கட்டுவீர்கள்' என்று கேட்பதுதான் வேலை. ஈப்போவில் பாதிப் பேர் அவளிடம் 'ராங் நம்பர்' என்று பொய் சொன்னவர்கள். முகம் தெரியாத ஆயிரம் பேரின் பொய்யைக் கேட்டுக் கேட்டு அவள் காது சாணை பிடித்த கத்தி போல ஆகிவிட்டது. அந்தக் காதை வைத்து இப்போது சொந்தத் தொழில். சன்னாசி முன்னாள் பள்ளி பஸ் டிரைவர். கார் அவனுடையது, வாயும் அவனுடையது. இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

வந்தவள் பெயர் தினேஸ்வரி. முப்பத்தெட்டு வயது இருக்கும். அழுது முடித்து, கோபப்பட்டு முடித்து, மறுபடியும் அழுகைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் முகம்.

"கல்யாண வீட்டுக்குக் கூடாரம் போடற வேலைங்க அவருக்கு. லாரி வச்சிருக்காரு. போன வாரம் லாரிய எடுத்துட்டுப் போனவரு திரும்பி வரல. ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. சிங்கப்பூர்ல வேலை கெடைச்சிருக்கு, தேடாதன்னு."

"கடன் இருக்கா?" என்றாள் பிரமிளா.

"எப்படித் தெரியும்?"

"சொல்லுங்க."

"அஞ்சு கார்டுங்க. ஒரு கார்டுல எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுவாரு. பேங்க்காரன் போன் அடிச்சுக்கிட்டே இருப்பான். சத்தம் கேக்கக் கூடாதுன்னு போன அரிசி டின்னுக்குள்ள வச்சு மூடிடுவாரு. பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு நாள் கேக்குது, ஏன் உங்க வீட்டு அரிசி பாடுதுன்னு."

சன்னாசி சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் பர்ஸைத் தொட்டுப் பார்த்தான். அதற்குள்ளும் ஒரு கார்டு உண்டு. பேரங்காடியில் ஒரு பெண் 'இதை எடுத்தால் பயணப் பெட்டி இலவசம்' என்று சொல்லிக் கையில் திணித்தது. பெட்டியின் சக்கரம் கழன்று வருஷம் ஆகிறது. கார்டு மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது.

"கடனுக்காக ஓடியிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேங்க," என்றாள் தினேஸ்வரி. "இதக் கேளுங்க."

போனை மேசையில் வைத்து அழுத்தினாள். ஓர் ஆண் குரல், அவசரமாக: "தினேஸ், நான் சிங்கப்பூர்ல இருக்கேன். நல்ல வேலை. தேடாத. சாப்பிட்டுக்கோ." அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு பெண் குரல் நீளமாக முனகியது: "ஐயோ சாமி... போதும்டா... இல்ல இல்ல, நிறுத்தாத..."

தினேஸ்வரி போனைப் பிரமிளா பக்கம் தள்ளினாள்.

"சிங்கப்பூர் நல்ல ஊருதான் போல," என்று முணுமுணுத்த சன்னாசியின் மற்றொரு கால் விரலும் மிதிபட்டது.

பிரமிளா அதை மறுபடியும் போட்டாள். மறுபடியும். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்தம்மாவுக்கு அறுபத்தஞ்சு வயசுக்குக் குறையாது. வாயில வெத்தலை இருக்கு. மேல தகரக் கூரை, பெரிய கூடம், எதிரொலிக்குது. பின்னால ஏதோ மெஷின் ஓடுது, ர்ர்ர்ருன்னு. தினேஸ்வரி, உங்க வீட்டுக்காரரு பொறந்த ஊரு எது?"

"சிலிம் ரிவர் பக்கத்துல, ஒன்பதாங்கட்டைத் தோட்டம். இப்ப பால்மரம் எல்லாம் வெட்டி செம்பனை போட்டுட்டான். பழைய ஆளுங்க கொஞ்ச பேருதான் லயத்து வீடுகள்ல இருக்காங்க. அங்கயும் போன் பண்ணிட்டேங்க. சீனி வரலன்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

"காளியம்மா அத்தை. அவரு அம்மா செத்த பிறகு வளத்தவங்க. மத்தவங்களையும் கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க."

"காளியம்மா அத்தை எவ்ளோ நேரம் பேசினாங்க?"

தினேஸ்வரி யோசித்தாள். "அதான் எனக்கே ஆச்சரியம். எப்பவும் போன எடுத்தா இடுப்பு வலியப் பத்தியே அரை மணி நேரம் ஓடும். நான் சோறு வடிச்சு, குழம்பு கொதிக்க வச்சிட்டு வந்தாலும் இடுப்பு முடிஞ்சிருக்காது. அன்னிக்கு 'நல்லா இருக்கேன்மா'ன்னு சொல்லி வச்சிட்டாங்க."

"இடுப்பப் பத்திப் பேசவே இல்லை?"

"ஒரு வார்த்தை இல்லைங்க."

பிரமிளா எழுந்துவிட்டாள். "சன்னாசி, கார எடு. காணாமப் போனது சீனி மட்டும் இல்ல. ஒரு இடுப்பு வலியும் காணாமப் போயிருக்கு. சீனியத் தேட வேணாம். அந்த இடுப்பு வலியத் தேடினா போதும்."

தினேஸ்வரி முன்பணமாகச் சில புது ஐம்பது வெள்ளி நோட்டுகளை எடுத்து வைத்தாள். மடிப்பே விழாத நோட்டுகள். அவள் கைப்பையின் வாரோ ஊக்கு போட்டுப் பிடித்திருந்தது.

"இந்தக் காசு?"

"தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் குடுத்தாருங்க. ஐயாவு அண்ணன். அவருதான் சொன்னாரு, உன் புருசன் எவகிட்டயோ இருக்கான், துப்பறியற ஆளு வச்சுப் பாரு, செலவு என்னோடதுன்னு."

"நல்ல மனசு," என்றாள் பிரமிளா. சன்னாசிக்கு அவளைத் தெரியும். அவள் நல்ல மனசு என்று சொன்னால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

*

சன்னாசியின் கார் மேட்டில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் பஜனை பாடும். பழைய ரோட்டில் கோப்பெங், கம்பார், தாப்பா என்று பஜனையும் மூச்சுமாகப் போய், பீடோரில் கோழி பிஸ்கட் வாங்க நிறுத்தினான். துப்பறிவதற்கும் கோழி பிஸ்கட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பீடோர் வழியாகப் போய்விட்டு வாங்காமல் வந்தால் வீட்டில் நம்ப மாட்டார்கள்.

திரும்பி வந்தபோது பிரமிளா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளை லாரி கம்பார்லேருந்து நம்ம பின்னால வருது."

"ரோடு ஒண்ணுதான்கா. வேற எந்தப் பக்கம் வரும்?"

"உன் கார நடந்து போறவனே முந்திட்டுப் போறான். காலி லாரி ஏன் முந்தல? அதுலயும், உள்ள பாரு. சாமான் ஒண்ணும் இல்ல. கயிறும் கம்பளியும் மட்டும் அடுக்கி வச்சிருக்கான்."

"குளிருதோ என்னவோ."

"பீடோர்லயா?"

சன்னாசி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். லாரியும் கிளம்பியது.

சிலிம் ரிவர் கடைவீதியில் ஜொஹரா பீவியின் மளிகைக் கடை இருந்தது. சுற்று வட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் வலி போக்கும் பொருள்களின் தலைமைச் செயலகம் அதுதான். வாசலிலேயே தைல பாட்டில்கள் வரிசையாக நிற்கும். முதுகில் ஒட்டும் கோயோக் கட்டுக் கட்டாகத் தொங்கும். பீவி கல்லாவில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு கோயோக் குடுங்கக்கா," என்றாள் பிரமிளா.

பீவி நிமிர்ந்தார். கண்ணில் ஒளி வந்தது. "ரெண்டு என்னம்மா, இருபது எடுத்துக்கோ. வெலை கொறச்சுத் தாரேன்."

"வியாபாரம் டல்லா?"

"டல்லா? செத்தே போச்சு! இந்த ஒன்பதாங்கட்டை ஆளுங்க இருக்காங்களே, வாரா வாரம் அம்பது கோயோக் எடுப்பாங்க. செம்பனை மட்டை தூக்கின முதுகு, சும்மாவா? போன வாரத்துலேருந்து ஒருத்தர் எட்டிப் பாக்கல. தைலமும் ஓடல. ஒரு மனுசன் குணமாகலாம், தப்பில்ல. தோட்டமே குணமானா நான் எப்படிப் பொழைக்கறது?"

"மருந்து ஏதாச்சும் வந்திருக்குமோ?"

"கேட்டேனே! அந்த பத்துமலை, கூன் விழுந்து தரையத்தான் பாத்து நடப்பாரு, நேத்து பஸ் ஸ்டாப்புல ராணுவத்துக்காரர் மாதிரி நிக்கறாரு. என்னன்னு கேட்டா, 'சாமி அருள்'ங்கறாரு. எந்தச் சாமின்னு கேட்டா பேச்ச மாத்தறாரு."

வெளியே வந்ததும் சன்னாசி சொன்னான்: "அக்கா, நம்ம கேச விட்டுட்டு அந்தச் சாமியப் பாத்துட்டு வரலாம். எனக்கும் கழுத்துல ஒரு பிடிப்பு இருக்கு."

"ரெண்டும் ஒரே எடத்துலதான் இருக்கும். வா."

*

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் செம்மண் பாதை முடிகிற இடத்தில் லயம் தெரிந்தது. மீதியிருந்தது ஒரே வரிசைதான். சுற்றிலும் செம்பனை. சன்னாசி காரை நிறுத்தி இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

குழாயடியில் இரண்டு அம்மாமார்கள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எழுபது வயதுக்குக் குறையாது. முதுகுக்குள் இரும்புக் கம்பி வைத்த மாதிரி நேராக, தோளை விரித்து, தாளம் தப்பாமல் நடந்தார்கள். எதிரே வந்த பெரியவர், பீவி சொன்ன அதே பத்துமலை, அவர்களைவிட நேராக இருந்தார்.

"சீனி எங்க, பெரியவரே?" என்றாள் பிரமிளா.

"சீனி வரலம்மா. நாங்க பாக்கல. சிங்கப்பூர்ல இருக்கான்," என்று அவர் ஒரே மூச்சில் சொன்னார்.

"வராதவரு சிங்கப்பூர்ல இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவரின் கண் தன்னையறியாமல் லயத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கூரைக் கட்டடத்துப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. பழைய ஆயாக் கொட்டாய் அது. பெற்றவர்கள் பால்மரம் வெட்டப் போனபோது பிள்ளைகளைப் போட்டு வைத்த இடம். பூட்டி வருஷக்கணக்காகியிருக்க வேண்டும். இப்போது அதன் ஜன்னலிலிருந்து ர்ர்ர்ர் என்று சத்தம் வந்தது. கதவருகே கழற்றிப் போட்ட செருப்புகள், கோயில் திருவிழா மாதிரி.

பிரமிளா கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஏழு மசாஜ் நாற்காலிகள். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கார் அளவு. கறுப்புத் தோல், நீல விளக்கு, கால் வைக்க ஒரு பள்ளம், கை வைக்க ஒரு பள்ளம். ஏழிலும் ஏழு அம்மாமார்கள் மல்லாந்து கிடந்தார்கள். ஒருவர் வாயில் வெற்றிலையோடு கண் சொருகி, "ஐயோ சாமி... போதும்டா... இல்ல இல்ல, நிறுத்தாத..." என்றார்.

நடுவில், தட்டில் மைலோ டம்ளர்களோடு, வயிறு தள்ளிய ஒரு மனிதன் சிலையாக நின்றான்.

"சீனி," என்றாள் பிரமிளா, "சிங்கப்பூர் சூடா இருக்கே?"

டம்ளர்கள் கீழே விழுந்தன.

*

சீனி நல்ல மனிதன். கல்யாண வீட்டில் கூடாரம் போடப் போனவன், பந்தியில் ஆள் குறைந்தால் சாம்பார் வாளியையும் தூக்கிக்கொண்டு ஓடுவான். இல்லை என்று சொல்லத் தெரியாது. கடைக்காரனிடமும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, கார்டு விற்கிற பெண்ணிடமும் சொல்லத் தெரியாது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூடாரம் போட்டுவிட்டு, அதற்குக் காசு கேட்கவும் தெரியாது. அப்படி வளர்ந்த கடன்தான் அது.

"இருபத்தெட்டாயிரம் இருந்துச்சுக்கா," என்றான் தரையில் உட்கார்ந்து மைலோவைத் துடைத்தபடியே. "வட்டிக்கு மட்டும்தான் கட்ட முடிஞ்சுது. தூக்கம் வரல. காப்பிக்கடையில ஐயாவு அண்ணன் கிட்ட சொன்னேன். அவரு சிரிச்சாரு. 'மடையா, என்னப் பாரு, நானே திவாலானவன்தான். கோர்ட்டே சொல்லியாச்சு. ராஜா மாதிரி இல்லையா? எப்படியும் நீ திவாலாகப் போற. ஆகறதுக்கு முன்னாடி கார்டுல இருக்கறதை எல்லாம் தேச்சுடு. சாமான என் பேருக்கு மாத்திடு. திவாலானதும் கடன் எல்லாம் சுத்தம். அப்புறம் சாமான நான் உனக்குத் திருப்பித் தாரேன்'னாரு."

"தேச்சது மசாஜ் நாற்காலியா?" சன்னாசிக்கு ஆறவில்லை. "தங்கம் வாங்கியிருந்தா சட்டைப்பையில போட்டுட்டு ஓடியிருக்கலாம்ல?"

"தங்கக் கடைக்குத்தான் போனேன். வழியில இந்த நாற்காலிக் கடை. காலு வலிக்குதேன்னு அஞ்சு நிமிசம் உக்காந்தேன். அந்தப் பொண்ணு ஆறு வாங்கினா ஒண்ணு சும்மான்னுச்சு."

"அதான் ஏழு!"

"ஒண்ணு அஞ்சாயிரத்து ஐந்நூறு. ஆறு." சீனி தலையைக் குனிந்துகொண்டான். "ஐயாவு அண்ணன் ஸ்டோருக்குத்தான் கொண்டு போகணும். ஆனா மனசு கேக்கல. எங்க அத்தை முப்பது வருசம் மட்டை தூக்கின முதுகு. ஒரு தடவ உக்கார வச்சுட்டு எடுத்துட்டுப் போலாம்னு இங்க வந்தேன்."

"அப்புறம் ஏன் எடுத்துட்டுப் போகல?"

"எறங்க மாட்டேங்கறாங்கக்கா! ஒருத்தர் எறங்கினா இன்னொருத்தர் ஏறிடறாங்க. லைன் போட்டிருக்காங்க. ஐயாவு அண்ணன் போன் மேல போன். பயந்து போய் போன அடைச்சிட்டேன்."

வெற்றிலை வாய் அம்மாள் கண்ணைத் திறந்தார். அவர்தான் காளியம்மா. "ஏம்மா, எம்பிள்ளைய ஜெயில்ல போட்டுருவாங்களா?"

பிரமிளா அவனருகே குந்தினாள். போனில் மிரட்டி மிரட்டிச் சலித்துப்போன குரலில்லை அது.

"சீனி, கேளுங்க. கட்டற எண்ணமே இல்லாம கார்டு தேச்சா அது கடன் இல்ல, ஏமாத்து. கடன் இருக்கும்போது சாமான இன்னொருத்தர் பேருக்கு மாத்தினா, திவால் அதிகாரி அதத் திருப்பி இழுத்துருவாரு. திவால்ங்கறது சோப்பு இல்ல, எல்லாத்தையும் கழுவறதுக்கு. வெளிநாடு போக முடியாது, கேட்டுத்தான் போகணும். பேங்க் கணக்குக்குக் கேட்கணும். சரி, இப்ப மொத்தக் கடன் எவ்ளோ?"

சீனி விரல் விட்டு எண்ணினான். "அறுபத்தோராயிரம்."

"லட்சம் வெள்ளிக்குக் கீழ கடன் இருந்தா பேங்க் உங்களத் திவாலாக்கக் கோர்ட்டுக்குப் போகவே முடியாது."

சீனியின் முகம் வாடிப்போயிற்று. அவனுக்கு அது சந்தோஷமான செய்தி என்றே புரியவில்லை. "அப்ப... திவாலாகக்கூட எனக்குத் தகுதி இல்லையா?"

"மனச விடாதீங்கண்ணே," என்றான் சன்னாசி. "இன்னும் எட்டு நாற்காலிக்குக் கார்டு தேச்சா எட்டிப் பிடிச்சிரலாம்."

அப்போது வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சன்னாசி ஜன்னல் வழியாகப் பார்த்தான். வெள்ளை லாரி. பின்னால் கயிறு, கம்பளி.

"அக்கா," என்றான். அவன் குரலில் முதல் தடவையாக விளையாட்டு இல்லை. "கம்பளி எதுக்குன்னு இப்பத் தெரியுது. நாற்காலில கீறல் விழாம இருக்க. அந்த ஐயாவுக்கு எடம் தெரியல. நாமதான் மோப்பம் பிடிச்சுக் கூட்டியாந்திருக்கோம். நம்ம சம்பளத்த அவன்தான் குடுத்திருக்கான்."

"புது நோட்ட வாங்கும்போதே நெனச்சேன்," என்றாள் பிரமிளா. "வரட்டும்னுதான் விட்டேன். அவரு வாயால கேக்கணும்."

*

முதலில் உள்ளே பாய்ந்தது ஐயாவு இல்லை. லாரியின் முன் சீட்டிலிருந்து குதித்த தினேஸ்வரி. கையில் செருப்பு.

"எங்கடா அவ? எவடா அவ?"

ஏழு நாற்காலிகளிலிருந்து ஏழு நரைத்த தலைகள் எட்டிப் பார்த்தன.

"யாரும்மா, சீனி பொண்டாட்டியா?" என்றார் காளியம்மா. "வாம்மா. அடுத்து நீ உக்காரு. வரிசையில உன்ன மொத விட்டுருவோம்."

செருப்பு கையிலேயே நின்றுவிட்டது. தினேஸ்வரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு சீனியைப் பார்த்தாள். சிரிப்பதா அறைவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அறை கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

பின்னாலேயே ஐயாவு வந்தார். வெள்ளைச் சட்டை, நான்கு மோதிரம், சென்ட் வாசனை. மேடை ஏறுகிறவர் போல நடந்து வந்தார்.

"பாத்தியாம்மா, கண்டுபிடிச்சுக் குடுத்தேனா? சரி, குடும்ப விசயம் நீங்க பேசிக்குங்க. சீனி, சாமான நான் ஏத்திக்கறேன். அம்மாமாருங்களா, எறங்குங்க."

ஒருவரும் இறங்கவில்லை.

"ஒரு நிமிசம் ஐயா," என்றாள் பிரமிளா மிக மரியாதையாக. "இந்த நாற்காலிங்க உங்களோடதா?"

"என்னோடதுதான். சீனியே சொல்லட்டும். என் பேருக்கு மாத்தறதா சொல்லியாச்சு."

"ஏழுமா?"

"ஏழும்லா! சும்மா குடுத்தது உட்பட."

"நல்லா யோசிச்சு..."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? என் சாமான் என் சாமான்தான்."

"ரொம்ப நல்லது. சன்னாசி, திவால் கேச பாக்கற இன்சோல்வன்சி ஆபீஸ் நம்பரப் போடு." அவள் குரல் இன்னும் இனிமையாயிற்று. "நீங்க திவாலானவரு. ஊரறியச் சொல்லிக்கறீங்க. திவாலானவருக்குப் புதுசா சொத்து வந்தா, அதுவும் முப்பதாயிரம் வெள்ளிக்கு மேல, அதிகாரிக்குச் சொல்லியாகணும். அவங்க வந்து எடுத்துட்டுப் போய் வித்து, உங்க கடன்காரங்களுக்குப் பங்கு வைப்பாங்க. நீங்க சொல்ல மறந்துட்டீங்க போல. பரவால்ல, நாங்க சொல்லிடறோம்."

ஐயாவுவின் மோதிர விரல்கள் காற்றில் அலைந்தன. "இரு, இரும்மா. என்னோடதுன்னா... என்னோடது மாதிரி."

"மாதிரின்னா?"

"சும்மா, பாத்துக்கறதுக்கு."

"அப்ப உங்களோடது இல்ல?"

"அது வந்து..."

"ரிங் போகுதுக்கா," என்றான் சன்னாசி. போனில் உண்மையில் ஓடிக்கொண்டிருந்தது அவன் அக்காள் வீட்டு நம்பர்.

"என்னோடது இல்ல!"

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல," என்றார் காளியம்மா.

"என்னோடது இல்ல, இல்ல, இல்லலா!"

ஆயாக் கொட்டாயில் கைத்தட்டல் எழுந்தது. பத்துமலை வாசலிலிருந்து விசில் அடித்தார்.

"அப்ப அடுத்தவங்க சாமான ஏத்தவா லாரி கொண்டாந்தீங்க?"

"சும்மா... காத்து வாங்க வந்தேன்."

"கம்பளி எடுத்துட்டு வந்து காத்து வாங்கறவர இப்பதான் பாக்கறேன்," என்றான் சன்னாசி. "எங்க தெரு தர்மா அண்ணனும் இப்படித்தான் ஒரு திவாலான ஆளு பேச்சக் கேட்டு பெரிய டிவியக் குடுத்துட்டுத் தேடறாரு, அது உங்ககிட்டதான் பத்திரமா காத்து வாங்குதா? அவரையும் கூட்டிட்டு வாரேன், சேந்தே போலீஸ்ல ரிப்போர்ட் போடலாம்."

லாரியை நோக்கி ஐயாவு போன வேகத்தில், செம்மண்ணில் வழுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மாமார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு தடவ உக்கார அஞ்சு வெள்ளி," என்றார் காளியம்மா. "கடைசியில வந்தவரு கடைசியில நிக்கணும்."

*

லாரி போனபிறகு ஆயாக் கொட்டாய் அமைதியாயிற்று. நாற்காலிகளைக்கூட நிறுத்திவிட்டிருந்தார்கள்.

தினேஸ்வரி கணவனுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். "என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நானும் தையல் தைக்கறேன்ல?"

"நீ பயந்துருவன்னு..."

"இப்ப மட்டும் நான் ஆடிப்பாடிக்கிட்டா இருந்தேன்? ஒரு வாரமா அந்தக் கெழவி முனகறதக் கேட்டு நான் சோறு தின்னல."

"யாரு கெழவி?" என்றார் காளியம்மா. ஆனால் கோபமில்லாமல்.

பிரமிளா சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னாள். இன்றைக்கே கார்டுகளை வெட்டிப்போட வேண்டும். நாற்காலிக் கடைக்கு அவளே வருவாள். திருப்பி எடுத்துக்கொள்கிற வரைக்கும் அந்தக் கடையில் உட்கார்ந்துகொள்வாள், அவளுக்குப் பொறுமை அதிகம். திங்கட்கிழமை ஏகேபிகே ஆபீஸ். கடன் ஆலோசனைக்கு அங்கே காசு வாங்க மாட்டார்கள். ஐந்து கார்டையும் சேர்த்து மாதா மாதம் கட்டக்கூடிய ஒரே தொகையாக்க முடியுமா என்று பேங்குகளோடு பேசிப் பார்ப்பார்கள். கோயில் திருவிழாக் கூடாரத்துக்குக் காசு கேட்கச் சன்னாசி போவான். சாமியிடமே கேட்கக்கூடியவன் அவன்.

"வருசக் கணக்காகும் சீனி. ஆனா முடிஞ்சிரும். மொத வேலை ஒண்ணு இருக்கு. பேங்க்குக்கு நீங்களே போன் போடணும். இப்பவே."

சீனி போனை எடுத்தான். எண்களை அழுத்தினான், கடைசி எண்ணுக்கு முன் நிறுத்திவிட்டான். கோர்ட்டைவிட, போலீஸைவிட, அந்த ஒற்றைப் பொத்தான்தான் அவனுக்குப் பயம் என்று சன்னாசிக்குப் புரிந்தது.

தினேஸ்வரி கையை நீட்டி அந்தக் கடைசி எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

மலாயில் ஒரு குரல் காத்திருக்கச் சொன்னது. பாட்டு வந்தது. போய்க்கொண்டே இருந்தது. ஏழு அம்மாமார்களும் பத்துமலையும் சுற்றி நின்று பேங்கின் பாட்டைக் கேட்டார்கள். ஒருவர் தலையாட்டித் தாளம் போட்டார்.

பாட்டு நின்றது. ஓர் இளம் பெண்ணின் குரல் மலாயில் வணக்கம் சொல்லி, பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்டது. சீனி சொன்னான். அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம். பிறகு அந்தக் குரல் தமிழுக்கு மாறியது.

"சார்... நீங்க தமிழா? மன்னிச்சுக்குங்க, ஒண்ணு கேக்கறேன். ஏழு மாசமா நாங்கதான் உங்களுக்குப் போன் போட்டுக்கிட்டு இருக்கோம். உண்மையிலயே நீங்களா பேசறது? நீங்களாவா கூப்பிட்டீங்க?"

பிரமிளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒரு தடவைகூட வராத போன் அது.

சீனி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"ஆமாங்க. நாந்தான் சீனிவாசன். இங்கதான் இருக்கேன். சொல்லுங்க."